காய்ந்த கை

"…எடுத்துட்டுப் போங்கண்ணே, வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா ஒங்க கையத் தொட்டுப் பாத்துட்டுத்தான் தருவேன்" என்றார் அக்கா.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், கல்கத்தா பவானிபூரில் என் ஜெராக்ஸ் கடையில், நாலு காலேஜ் பிள்ளைகள் நோட்டுகளை நீட்டிக்கொண்டு நிற்கும்போது சொன்னார். எதிரே நின்றவர் அவருடைய கூடப்பிறந்த அண்ணன். ரெண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். அவர் கேட்டது தகப்பனாரின் கைக்கடிகாரத்தை. அந்தக் கடிகாரம் அப்போது கட்டியிருந்தது என் கையில்.

அக்காவுக்கு நான் உறவும் இல்லை, ஊர்க்காரனும் இல்லை. நான் தர்மபுரிக்காரன். பத்தாவதில் தவறி, இங்கே ஒரு சொந்தக்காரருக்குத் துணையாக வந்து, அவர் ஊருக்குப் போனபின் அந்த மிஷினோடேயே தங்கிவிட்டவன். அக்கா டல்ஹௌசியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் ஸ்டெனோ. என் கடைக்குப் பின்சந்தில், ஒரு வங்காளி வீட்டு மாடியில் ஒற்றை அறை எடுத்துக் குடியிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் அப்பாவின் கடிகாரம் எப்படி என் கைக்கு வந்தது என்று சொன்னால்தான் அந்தச் சனிக்கிழமை அவர் செய்தது விளங்கும். அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

தொண்ணூற்று மூன்றோ நாலோ, மழைக்காலம். ஏதோ ஆபீஸ் காகிதத்தை நகல் எடுக்க வந்தார். நான் பிரதியை நீட்டியதும் காகிதத்தை விட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தார் என்றால், நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி, உள்பக்கம் மூன்று விரலை வைத்து, தலையைச் சாய்த்து.

"தம்பிக்கு வேர்க்காதா?"

நான் பயந்துவிட்டேன். கைரேகை பார்க்கிறவராக்கும் என்று நினைத்தேன்.

"வேர்க்கும்க்கா. முதுகெல்லாம் வேர்க்கும்."

"முதுக யாரு கேட்டா? கை வேர்க்கலையே. காயிதம் பிடிச்சுப் பிடிச்சுக் கை காஞ்சிட்டு. நல்ல காஞ்ச கை" என்றார், மார்க்கெட்டில் நல்ல கத்தரிக்காய் பார்த்தவர் போல. பிறகு கைப்பையிலிருந்து ஒரு துணிச்சுருள் எடுத்துப் பிரித்தார். "இத குளிரு வர வரைக்கும் கட்டிக்கிடுதீங்களா?"

ஒரு பொம்பளை, முன்பின் தெரியாதவர், நடுத்தெருவில் கடிகாரத்தை எடுத்துக் கொடுக்கிறார். பின்னால் நின்ற பையன் "கீ ஹோலோ தாதா?" என்று கேட்டான். என்ன ஆச்சு என்று எனக்கும்தான் தெரியவில்லை.

சின்ன வட்ட முகம். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்து டீ நிறத்துக்கு வந்துவிட்ட டயல். கீழே விநாடி முள்ளுக்கென்று தனியாக ஒரு குட்டி வட்டம். தினமும் சாவி கொடுத்தால்தான் ஓடும். அக்காவின் அப்பா கொழும்பில் துணிக்கடை வேலையை விட்டு ஊர் திரும்பியபோது கையில் கட்டிக்கொண்டு வந்தது. அக்காவுக்குக் கல்கத்தாவில் உத்தியோகம் கிடைத்துக் கிளம்பிய அன்று, ரயில் நகர்கிற நேரத்தில், ஜன்னல் கம்பிக்குள் கையைவிட்டு அவர் மடியில் போட்டாராம். "ஆபீசுக்குப் பிந்திப் போகாத" என்றாராம். அவ்வளவுதான்.

அப்பாவை அக்கா அய்யா என்பார். கடிகாரத்துக்கும் அதே பெயர்தான். "அய்யா இன்னைக்கு மூணு நிமிஷம் பிந்தி வாராரு, வானம் மூடிக் கெடக்குல்லா" என்பார். "அய்யாவ ஸ்பீக்கர் பக்கம் கூட்டிட்டுப் போகாதீங்க, அதுல காந்தம் இருக்கு" என்பார். இதனாலேயே துர்கா பூஜை நாட்களில் நான் பந்தலுக்கு எதிர்ச்சாரியில்தான் நடப்பேன். ஊரே அம்மனைப் பார்க்க முண்டியடிக்கும். நான் இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒதுங்கி ஒதுங்கிப் போவேன். என் பெண்டாட்டி, "சாமிக்குப் பயப்படாத மனுஷன் ஒரு வாட்சுக்குப் பயப்படறதப் பாரு" என்று சிரிப்பாள்.

சரி, இவ்வளவு ஆசையாய் வைத்திருப்பதை அவரே கட்டிக்கொள்ளக்கூடாதா? கட்டினால் கெட்டுவிடும். அதுதான் சங்கதி.

முதலில் பல வருஷம் அக்காதான் கட்டியிருக்கிறார். ஒரு சித்திரையில் உள்ளே ஆவி படிந்தது போல டயல் மங்கிவிட்டது. மிட்டாய்க்கடை மாடிப்படிக்கு அடியில் மேஜை போட்டிருந்த வங்காளிக் கடிகாரக்காரரிடம் கொண்டுபோனார். அவர் கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, வாரை நீக்கி, அடிப்பக்கத்தை அக்காவிடமே காட்டினார். வெள்ளிப்பூச்சு பொத்தல் பொத்தலாய்ப் போய், ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது.

இதை அக்கா சொல்லிக் கேட்க வேண்டும். "'தீதி, சில பேரு வேர்வ தண்ணி, சில பேரு வேர்வ புளி. ஒங்களுது புளி. ஒங்க கை இதத் தின்னுக்கிட்டு இருக்கு'ன்னுட்டாரு தம்பி. ஆபீஸ்ல யாரு காசும் நான் தின்னது கிடையாது. எங்க அய்யாவத் தின்னுருக்கேன் பாருங்க."

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அந்த இடம் வரும்போது வலது கை தானாகப் போய் இடது மணிக்கட்டை மூடிக்கொள்ளும்.

அக்கா விடவில்லை. மணிக்கட்டில் கைக்குட்டையைச் சுற்றி அதன்மேல் கட்டிப் பார்த்தார். கல்கத்தாப் புழுக்கத்தில் ஒரு கைக்குட்டை எவ்வளவு நேரம் தாங்கும்? ஒரு நாளைக்கு நாலு மாற்றினார். ஆபீசில் டைப்ரைட்டருக்குப் பின்னால் கொடி கட்டிக் கைக்குட்டை காயப்போட்டதைப் பார்த்து மேலதிகாரி, "இது ஆபீசா, தோபிகாட்டா?" என்று கேட்டிருக்கிறார். அப்புறம் ஒரு டப்பாவில் பஞ்சு வைத்து உள்ளே பூட்டிவைத்தார். ஆறு மாதம் கழித்து எடுத்தால் முள் நகரவில்லை. கடிகாரக்காரர் இந்தத் தடவை கோபித்துக்கொண்டார். சும்மா கிடந்தால் உள்ளே எண்ணெய் இறுகிவிடும், இது ஓட வேண்டும் என்றாராம்.

"ஓடணும்னாரு. ஒங்க கையிலதான் ஓடணும்னு சொல்லல. அத வீட்டுக்கு வந்து யோசிச்சேன்" என்பார் அக்கா.

அந்த யோசனையிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. வெயிலும் மழையுமாக இருக்கிற மாதங்களில் கடிகாரத்தைக் காய்ந்த கைக்காரர் யாராவது கட்டிக்கொள்ள வேண்டியது. குளிர் வந்ததும் அக்கா வாங்கிக் கட்டிக்கொள்வார். குளிர் வந்ததற்கு அவர் வைத்திருந்த அடையாளம் சந்தில் தெரிகிற முதல் குரங்குக் குல்லாய். வங்காளிகளுக்குக் குளிர் நம்மைவிட முன்னாடியே தெரிந்துவிடும். காளி பூஜை முடிந்து காற்று கொஞ்சம் திரும்பினால் போதும், யாராவது ஒரு பெரியவர் காதையும் கழுத்தையும் மூடிக்கொண்டு பால் வாங்க வருவார். அன்றைக்குச் சாயங்காலமே அக்கா என் கடையில் நிற்பார். "குல்லாய் வந்துட்டு தம்பி, அய்யாவ அனுப்புங்க." பங்குனி வரைக்கும் அவர் கையில் இருக்கும். வருஷத்தில் மூன்றரை மாதம்தான். அந்த மூன்றரை மாதமும் அவர் புடவைத் தலைப்பை இடது பக்கம் மட்டும் ஏற்றிச் செருகியிருப்பார், கடிகாரம் தெரிய.

எனக்கு முன்னால் கட்டியிருந்தவர் ஒரு டிராம் கண்டக்டர். ரெண்டு கோடைக்காலம். டிக்கெட் கிழிக்கிற கை, என் கையைப் போலத்தான், காகிதத்தில் காய்ந்த கை. இங்கே ஒரு விதி சொல்ல வேண்டும்: யார் வேண்டுமானாலும் கட்டலாம், சாவி மட்டும் அக்காதான் கொடுப்பார். கையில் கட்டியபடியே சாவி கொடுக்கக்கூடாது, தண்டு வளைந்துவிடும். கழற்ற வேண்டும், இடது உள்ளங்கையில் வைக்க வேண்டும், மேல்பக்கமாக மெதுவாகத் திருக வேண்டும். அதனால் தினமும் காலையில் அக்கா அந்த டிராமைக் காத்திருந்து பிடித்து ஏறுவார். கண்டக்டர் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுப்பார். அக்கா சாவி கொடுத்துத் திரும்பக் கட்டிவிட்டு, ரெண்டு நிறுத்தம் தாண்டி இறங்கி, வந்த வழியே மெட்ரோவுக்கு நடப்பார். டிராமில் தினம் வருகிறவர்கள் பழகிவிட்டார்களாம். அக்கா ஒருநாள் ஏறத் தாமதமானால், "கண்டக்டர் பாபு, கொஞ்சம் நிறுத்துங்கள், உங்கள் சாவி ஓடி வருகிறது" என்பார்களாம். அவரை வேறு டெப்போவுக்கு மாற்றிய வருஷம்தான் என் கை அகப்பட்டது.

என் முறை சுலபம். காலை ஒன்பது பத்துக்குக் கடைக்கு எதிரே வந்து நிற்பார். நான் கழற்றி நீட்டுவேன். முதலில் காதில் வைத்துக் கேட்பார். அப்புறம் சாவி. எத்தனை சுற்று என்று அவர் எண்ணிப் பார்த்து நான் கண்டதில்லை. "எப்படிக்கா நிறுத்தத் தெரியும்?" என்று கேட்டேன். "சாப்பிடுதவங்க போதும்ங்கறதுக்கு முன்னால கைய இலைக்கு மேல கொண்டு வருவாங்கல்லா, அந்த மாதிரி லேசா ஒரு தடுப்பு வரும். அதுக்கு மேல ஊட்டக்கூடாது" என்றார். சாவி கொடுக்கிறபோது முகத்தைப் பார்க்கமாட்டார். கொடுத்துவிட்டுத் திரும்ப என் கையில் அவரே கட்டுவார், ஒரு துளை தளர்த்தி. கட்டும்போது அன்றைக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்வார். எனக்குப் படிப்பு இல்லை. நான் படித்ததெல்லாம் மிஷினில் வந்த அடுத்தவர் காகிதமும், ஒன்பது பத்துக்கு அக்கா சொன்னதும்தான். "முகத்தப் பாத்து ஆளத் தெரிஞ்சிக்கிட முடியாது தம்பி, முகம் எல்லாத்துக்கும் தயாரா வந்து நிக்கும். மணிக்கட்டுக்கு நடிக்கத் தெரியாது" என்பது அப்படி ஒரு காலையில் சொன்னது.

கை பிடித்துப் பார்ப்பது அவருக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி, மீன்காரர், வீட்டுக்காரரின் மருமகள், யாரையும் விடமாட்டார். "இது ஈரம்", "இது காஞ்சது", "இது சந்தேகம், மழையில பாக்கணும்." என் பெண்டாட்டி கையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ஒங்க வீட்டுல ஈரம். நீங்களே கட்டிக்கிடுங்க, அவகிட்டக் குடுத்துராதீங்க." ஜாம்ஷெட்பூரிலிருந்து பெண் பார்க்க வந்த ஒருத்தரை, காப்பி கொடுக்கிற சாக்கில் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார் என்று தமிழ்ச் சங்கத்தில் ஒரு கதை உண்டு. நேராகவே கேட்டேன்.

"பொய் தம்பி. கை நல்லாத்தான் இருந்துது. ஆளுதான் சரியில்ல."

அக்கா யாரிடமும் மணி கேட்டு நான் பார்த்ததில்லை. இதைக் கவனிக்க எனக்கு நாலைந்து வருஷம் ஆனது. என் கையில் அவர் கடிகாரமே இருக்கும். சாவி கொடுக்கும்போதே பார்த்துக்கொள்வார், சரி. ஆனால் குடை மறந்து, பஸ் தவறி, லோட்ஷெடிங்கில் லிஃப்ட் நின்று, எந்தக் குழப்பத்திலும் பக்கத்திலிருப்பவரிடம் "மணி என்ன?" என்று கேட்கமாட்டார். ரேடியோச் சத்தம் எந்த வீட்டிலிருந்தாவது வருகிறதா என்று காது கொடுத்து நிற்பார். இல்லையென்றால் மெட்ரோ வாசல்வரை நடந்துபோய் அங்கே இருக்கிற கடிகாரத்தைப் பார்ப்பார்.

காரணம் தெரிந்தது நான் செய்த ஒரு தப்பால்.

ஒரு ஆவணியில் அக்காவுக்கு மலேரியா. ஒன்பது பத்துக்கு வரவில்லை. ஒன்பதரைக்கும் வரவில்லை. வீட்டுக்காரர் வந்து நடுக்கத்தோடு படுத்திருக்கிறார் என்று சொன்னார். நான் என்ன செய்தேன், கடிகாரம் நின்றுவிடக்கூடாதே என்று நானே கழற்றி, அவர் செய்கிற மாதிரியே உள்ளங்கையில் வைத்து, மெதுவாகச் சாவி கொடுத்தேன். பெருமையாகக்கூட இருந்தது. பத்து மணிக்கு அக்கா வந்துவிட்டார், போர்வையோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு. கடிகாரத்தை வாங்கித் திருகினார். திரும்பவில்லை.

"யாரு குடுத்தா?"

"நான்தான்க்கா. உங்களுக்கு உடம்பு சரியில்லன்னு…"

ஸ்டூலில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கொஞ்சநேரம் மிஷின் வெளிச்சம் போய்வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அய்யாவுக்கு முடியலன்னு தந்தி வந்துது தம்பி. அன்னைக்கே ரயிலேறிட்டேன். டிக்கெட் இல்ல, பொம்பளைங்க பெட்டியில நின்னுக்கிட்டே போனேன். ரெண்டு காலைப்பொழுது ரயில்லயே போச்சு. எல்லாத்தையும் நினைச்சேன். அவுகளுக்கு என்ன சாப்பிடக் குடுக்காங்களோன்னு நினைச்சேன், நாட்டு வைத்தியம் பாக்கலாமான்னு நினைச்சேன். கையில கெடந்தத நினைக்கல. போய்ச் சேந்தா எல்லாம் முடிஞ்சிட்டு. எனக்காக ஒரு நாள் வச்சிருந்து பாத்துட்டு எடுத்துட்டாங்க. முத்தத்துல கூட்டமா இருந்துது. பத்தாம் நாள் காரியம் பேசிக்கிட்டு இருந்தாங்க, யாரோ எங்கிட்ட மணி கேட்டாங்க. நான் கையத் திருப்பிப் பாத்தேன். நின்னு கெடந்துது."

"அக்கா…"

"அய்யா போனதுக்கும் அது நின்னதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதெல்லாம் நான் நம்பமாட்டேன். நான் சாவி குடுக்க மறந்துட்டேன், அவ்வளவுதான். மறந்தது நான்தானே. அண்ணன் பக்கத்துல நின்னு என் கையப் பாத்துக்கிட்டே இருந்தாரு. ஒண்ணும் சொல்லல. சொல்லியிருந்தா எனக்கு மறந்துருக்கும்."

போர்வையை இழுத்துக்கொண்டு எழுந்தார். "இனிமே நீங்க குடுக்காதீங்க தம்பி. நான் வரலைன்னா நிக்கட்டும்." அப்புறம் நாலு நாளும் அந்தக் காய்ச்சலோடு வந்தார். நான் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு மாடிக்கு வருகிறேன் என்றதற்கும் ஒப்பவில்லை.

எட்டு கோடைக்காலம் என் கையில் இருந்தது. இடது மணிக்கட்டில் வெளுத்த பட்டை விழுந்து, அது குளிர்காலத்திலும் போகாமல் நின்றது. இன்றைக்கு எல்லாரையும் போல நானும் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துத்தான் மணி பார்க்கிறேன். ஆனால் காலை ஒன்பது பத்தானால் இந்த இடது கை தானாக ஒரு சாண் முன்னால் நீளும். கடைக்கு வருகிறவர்கள் தங்களிடம் காகிதம் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எட்டாவது வருஷம், பூஜைக்கு ரெண்டு வாரம் முன்னால், அண்ணன் வந்தார்.

கடிதம் போடாமல் வந்தார். ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தார். ரயிலை விட்டு இறங்கி நேராக அக்கா வீட்டுக்குப் போய், காப்பிகூடக் குடிக்காமல் கடிகாரத்தைக் கேட்டிருக்கிறார். பக்கத்துக் கடையில் ஒரு தம்பி கையில் இருக்கிறது என்று அக்கா சொல்ல, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பி வந்துவிட்டார். நான் தலை நிமிர்ந்தபோது பிள்ளைகளை விலக்கிக்கொண்டு ஒரு பெரிய மனிதர் என் கையையே பார்த்தபடி நிற்கிறார். என் விரலெல்லாம் மிஷின் மை. பின்னால் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டு.

"ஏட்டி, இதுவா?"

"ஆமாண்ணே."

"அய்யா கடியாரத்த ஊரான் கையில கட்டி விட்டுருக்க."

"எங்கையில கட்டுனா கெட்டுப்போகுதுண்ணே. வேர்வ ஆகல. அதான் காஞ்ச கையாப் பாத்து…"

"காஞ்ச கை!" அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை. நான் கடிகாரத்தைக் கழற்றப் போனேன். அக்கா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார்.

"பதினோரு வருஷம்ட்டி. அய்யாவத் தூக்கி உக்காத்தி, கால் கழுவி, கஞ்சி குடுத்து, பதினோரு வருஷம் நான் பாத்தேன். எங்கிட்ட அவுகளோடதுன்னு ஒண்ணு கிடையாது. கட்டியிருந்த வேட்டியும் போட்டு எரிச்சாச்சு. ஒனக்கு ரயில் ஜன்னல்ல கெடச்சுது. அய்யாவ நான் பாத்துக்கிட்டேன், நீ கடியாரத்தப் பாத்துக்கிட்ட. அதையும் இப்ப அடுத்தவன்கிட்டக் குடுத்துட்டு நிக்க."

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் அவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் நான் அணைத்தேன்.

அக்கா வாதாடுவார் என்று எதிர்பார்த்தேன். பூதக்கண்ணாடி, புளி வேர்வை, டிராம், கைக்குட்டை என்று எட்டு வருஷமாக எனக்குச் சொன்னதையெல்லாம் எடுத்துவைப்பார் என்று நினைத்தேன். ஆனால் அண்ணன் சொன்னதில் அவருக்கும் மறுப்பு இல்லை என்று முகமே சொன்னது. அப்புறம்தான் நான் முதலில் சொன்ன அந்தப் பேச்சு வந்தது. எடுத்துட்டுப் போங்கண்ணே, ஆனா கையத் தொட்டுப் பாத்துட்டுத்தான் தருவேன்.

"பாத்துக்க" என்று அண்ணன் முழுக்கைச் சட்டையை மேலே தள்ளி, கையை நீட்டினார்.

அக்கா வழக்கம்போல மூன்று விரலை மணிக்கட்டின் உள்பக்கம் வைத்தார். ரெண்டு விநாடியில் சொல்லிவிடுகிறவர். இந்தத் தடவை விரலை எடுக்கவில்லை. தொட்டுப் பார்க்க அவசியமே இல்லை, எனக்கே தெரிந்தது. அண்ணனின் மணிக்கட்டு குளித்துவிட்டு வந்தது மாதிரி நனைந்திருந்தது. நடுவில் பச்சையாய் ஒரு வளையம், ஏதோ பழைய கடிகாரம் பதிந்துபோன இடம்.

"எதுவும் எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல தாங்காது" என்றார் அண்ணன். குரல் இறங்கியிருந்தது.

"அம்மா கை" என்றார் அக்கா. "ரெண்டு பேருக்கும் அம்மா கைண்ணே."

முடிந்தது என்று நினைத்தேன். ஈரக் கைக்குத் தரமாட்டார். என் பெண்டாட்டிக்குத் தரவில்லை, அவருக்கே அவர் தந்துகொள்ளவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் கையிலேயே இருந்துவிடும் என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன்.

அக்கா என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். கழற்றிக் கொடுத்தேன். காதில் வைத்துக் கேட்கவில்லை. அண்ணனின் இடது உள்ளங்கையை விரித்து அதில் வைத்தார்.

"சாவி குடுங்கண்ணே."

"நான் எப்பிடிட்டி… ஒடஞ்சிரும்."

"ஒடையாது. மேல் பக்கமா. மெதுவா. போதும்னா அதுவே சொல்லும்."

காலையில் அக்கா கொடுத்ததுதான். மிஞ்சிப்போனால் நாலு சுற்றுக்குத்தான் இடமிருந்திருக்கும். அந்த நாலு சுற்றையும் அந்தப் பெரிய மனிதர் மூச்சை அடக்கிக்கொண்டு கொடுத்தார். அக்காவின் கை பக்கத்திலேயே நின்றது, ஆனால் தொடவில்லை. அவர் நிறுத்தியதும், தலைப்பால் அண்ணனின் மணிக்கட்டைத் துடைத்தார். ரெண்டு தரம் துடைத்தார். கைப்பையைத் திறந்து துவைத்து மடித்த கைக்குட்டைகளை எடுத்தார். கைக்குட்டைக் காலம் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். அவர் பையில் அவை எதற்கு இருந்தன என்று எனக்குத் தெரியாது. ஒன்றை மணிக்கட்டில் சுற்றி, அதன்மேல் கடிகாரத்தை வைத்து, ஒரு துளை தளர்த்திக் கட்டினார். மிச்சம் மூன்றையும் அண்ணனின் சட்டைப்பையில் திணித்தார்.

"இது கட்டாக் வந்ததும் மாத்துங்க. இது விசாகப்பட்டணத்துல. இது விஜயவாடா தாண்டுனதும். மெட்ராசுல எல்லாத்தையும் அலசிக் காயப் போட்டுருங்க."

அண்ணன் தலையை ஆட்டினார்.

அக்கா ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்து, நான் எட்டு வருஷத்தில் அவர் வாயில் கேட்டிராத ஒன்றைக் கேட்டார்.

"மணி என்னண்ணே?"